எண்பத்தொரு இதழ்கள்

என் தம்பி குடிகாரன். இந்த மூன்று சொற்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஹனோவரில் எங்கள் சனங்களுக்குள் இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. "அவருக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கு" என்பார்கள். "உடம்புக்கு ஏலாமல் கிடக்கிறார்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் வேலை செய்யும் பார்சல் கிடங்குக்குத் திங்கட்கிழமை காலைகளில் தொலைபேசி எடுத்து, தம்பிக்குக் காய்ச்சல் என்று சொன்னது நான். அவன் மனைவி கேட்டபோது, நேற்று முழுக்க என் வீட்டில்தான் இருந்தான், ஒரு சொட்டும் தொடவில்லை என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்ததும் நான். என் சத்தியத்தை நம்பி அவள் இன்னும் நாலு வருடம் பொறுத்தாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். என் கணவர் காலமானபின் நான் தனியாக இருந்த வீட்டுக்குத் தம்பி இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தான்.

ஒரு கோடையில் அவனே வாய் திறந்து, இனித் தன்னால் ஏலாது என்றான். ஹார்ஸ் மலைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம், இருந்துவிட்டு, இலை கொட்டும் காலத்தில் திரும்பி வந்தான். மெலிந்திருந்தான். முகத்தில் ஊதல் வற்றியிருந்தது. அங்கே அவனுக்கு ஆலோசனை சொன்ன பெண் ஒரு காரியம் சொல்லி அனுப்பியிருந்தாள். உங்களுக்கு ஆபத்து வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்தான், அதனால் சனிக்கிழமை காலையில் கையை வைத்துச் செய்யும் வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள் என்று. நகரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் பள்ளியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருவரும் குசினி மேசையில் இருந்தோம். பாண் சுடும் வகுப்பு நிரம்பியிருந்தது. யோகாசனம் வேண்டாம் என்றான். மிஞ்சியது சீனத்து மை ஓவியம்.

"போறன்" என்றான். அவன் போவான் என்பதை நான் நம்பவில்லை. அதனால் எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தேன். ஓவியத்தில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. நான் போனது காவலுக்கு.

ஆசிரியை சீனாவில் இருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவுக்கு நொண்டியது, அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். முதல் வகுப்பில் தூரிகையைத் தொடவே விடவில்லை. கறுத்த மைக்கட்டியை ஒரு கல்லில் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் உரைக்க வைத்தாள். கோயிலில் சந்தனம் அரைக்கிற மாதிரி உரைத்துக்கொண்டே இருந்தோம். நான் அலுத்துப்போய், கடையில் போத்தலில் மை விற்கிறார்களே என்று கேட்டேன். விற்கிறார்கள், ஆனால் உரைக்கும்போதுதான் மனம் இருக்கிற இடத்துக்கு வரும் என்றாள். தம்பி தலையைத் தூக்காமல் உரைத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் கீறியது பூத்த மரக்கொப்புகள். வேறொன்றும் இல்லை, மூன்று மாதமும் அதுதான். சீனத்துப் பிளம் மரம். இங்கே இலையுதிர் காலத்தில் கேக்குக்கு வாங்கும் பிளம் இல்லை, இது வேறு மரம், பனி கிடக்கும்போதே இலை வருவதற்கு முன்னால் பூத்துவிடும் என்று அவள் சொன்னாள். அந்தக் காலத்தில் படித்த பெரிய உத்தியோகத்தர்கள் அரசனோடு ஒத்துவராமல் பதவியை விட்டு ஊருக்குப் போய், நிறமே இல்லாமல் கறுப்பு மையால் மட்டும் இந்தக் கொப்பைக் கீறினார்களாம். விற்பதற்காகக் கீறவில்லையாம். அழகாக வரவேண்டும் என்றும் இல்லையாம். கீறியவன் எப்படிப்பட்டவன் என்பது கோட்டில் தெரிந்துவிடும், அதுதான் கணக்காம். வேலை வெட்டி இல்லாத ஆம்பிளைகள், பெண்சாதி சமைத்துப்போட இருந்து கீறியிருப்பார்கள் என்று தம்பியிடம் தமிழில் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் யோசித்தேன்.

எனக்கு அது வரவில்லை. கொப்பைக் கீறும்போது, பூ வரவேண்டிய இடத்தில் தூரிகையை நிறுத்தி, தாளை வெறுமையாக விட்டு, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்க வேண்டும். பூவே ஒரு மெல்லிய கோடுதான், உள்ளே இருப்பது வெறும் தாள். என்னால் நிறுத்த முடிவதில்லை. ஒரே இழுவையாக இழுத்துவிட்டுப் பிறகு பூவைக் கீறினால், கொப்பு பூவின் வயிற்றுக்குள்ளால் போகும். வெள்ளையாக ஓர் இடம் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். ஒரு மொட்டு வைப்பேன், ஒரு குருவி வைப்பேன். ஆசிரியை என் தோளுக்கு மேலால் பார்த்து, உங்கள் படத்தில் காற்று வருவதற்குக்கூட வழியில்லை என்பாள்.

தம்பியின் கதை வேறு. அவனுக்குக் கை நடுங்கும். பன்னிரண்டு கிழமைக்குப் பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. காய்ந்த தூரிகையால் அவன் அடிமரத்தை இழுத்தபோது கோடு உடைந்து உடைந்து, நடுவில் வெள்ளை தெரிய வந்தது. ஆசிரியை அந்தத் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். கிழட்டு மரத்தின் பட்டை இப்படித்தான் இருக்கவேண்டும், இதைப் பழகி எடுக்கப் பலருக்குப் பல வருடம் வேண்டும் என்றாள். அந்த நடுக்கம் எங்கே பழகியது என்பது அந்த அறையில் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நான் சன்னலைப் பார்த்தேன். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

மார்கழி தொடங்கியபோது, டிசம்பர் முதல் கிழமையில், அவன் மகள் எர்லாங்கனில் இருந்து தொலைபேசி எடுத்தாள். அங்கே பொறியியலாளராக இருக்கிறாள். சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தம்பி தொலைபேசியை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டான், எனக்கும் கேட்கட்டும் என்று.

"அப்பா, இந்தக் குளிர் முடியுமட்டும் நீங்கள் குடிக்காமல் இருந்தால், நீங்களும் அம்மாவும்தான் எனக்குத் தாரை வார்க்கவேணும். அம்மாட்டையும் கேட்டிட்டன். அவ ஓம் எண்டிட்டா. இல்லாட்டி அம்மான்ரை பக்கத்து மாமாவும் மாமியும் செய்யட்டும். இதை நான் கோவத்திலை சொல்லேல்லை."

"ஓம் பிள்ளை" என்றான் தம்பி.

"மாசி நடுவிலை கல்யாணக் கார்ட் அடிக்கக் குடுக்கவேணும். அதுக்கு முதல் ஒருக்கா வந்து பாக்கிறன்."

மணவறையில் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்கிற அந்த ஒரு நிமிடம். ஆறு வருடமாக மகள் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் ஒன்றும் எழுதியதில்லை. தொலைபேசியை வைத்தபிறகு அவன் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

அடுத்த சனிக்கிழமைதான் ஆசிரியை அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் ஊரில் குளிரை எண்ணிக் கழிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் மிகச் சின்னப் பகலில் இருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக ஒன்பது தடவை எண்ணினால் குளிர் முடிந்துவிடும். அதற்காக ஒரு பிளம் கொப்பில் ஒன்பது பூக்களைக் கீறி, பூவுக்கு ஒன்பது இதழ் வைப்பார்கள். இதழ்கள் வெறும் கோடாகவே இருக்கும். நாளுக்கு ஒரு இதழுக்குள் சிவப்புத் தீட்ட வேண்டும். எண்பத்தொராவது இதழ் நிறையும்போது வெளியில் உண்மையான மரம் துளிர்க்கும். இந்தப் பூவுக்கு ஐந்து இதழ்தான் என்று முதல் நாள் சொன்னீர்களே என்று நான் மடக்கினேன். ஓம், மரத்தில் ஐந்து, இது மரம் இல்லை, குளிர் என்றாள்.

தம்பி இரண்டு கிழமை இருந்து அதைக் கீறினான். முறுகின அடிமரம், நேராக மேலே போகும் இரண்டு இளம் கொப்பு, ஒன்பது பூ. மிகச் சின்னப் பகல் வந்த அன்று வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முதல் இதழுக்குள் சிவப்பு வைத்தான். இருக்கையறையில், சூடாக்கிக்கு மேலே, வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும் இடத்தில் படத்தை மாட்டினோம். அவன் தீட்டும்போது கோட்டைத் தொடமாட்டான். கை நடுங்கி வெளியே போய்விடும் என்ற பயத்தில், ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளை விட்டு உள்ளே மட்டும் நிரப்புவான். அது ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடமும் நான் குசினியில் சத்தம் போடாமல் நிற்பேன்.

மூன்று பூ நிரம்பியது. நாலாவது பூவில் பாதி வந்தபோது, தை மூன்றாம் கிழமையில், கிடங்கில் யாரோ ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்தப் பிரியாவிடை விருந்துக்குத் தம்பி போகாமல் இருந்திருக்கலாம். போனான். அன்றிரவு வந்து அறைக்குள் போனவன் அடுத்த நாள் முழுக்க வெளியே வரவில்லை. வாசனையே சொல்லிவிட்டது, நான் கதவைத் திறந்து பார்க்கவும் இல்லை. கிடங்குக்குத் தொலைபேசி எடுத்துக் காய்ச்சல் என்றேன்.

மூன்றாம் நாள் எழும்பி, குளித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றான். மூன்று இதழையும் சேர்த்துத் தீட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் இரண்டைத் தாண்டிப் போய், அன்றைய இதழை மட்டும் தீட்டினான்.

"அந்த ரெண்டையும் ஏன் விட்டிட்டாய்?"

"அது ரெண்டும் என்ரை இல்லை அக்கா."

"பிள்ளை வந்து பாக்கப்போறாளெல்லோ."

"பாக்கட்டும்."

குடிகாரனின் வீம்பு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் கோயில் பிரசாதம் தர வந்த தெரிந்த அக்கா ஒருவர் படத்துக்குக் கிட்டப் போய், "வடிவாக் கிடக்கு. ஏன் நடுவிலை ரெண்டு விடுபட்டுப் போச்சு?" என்று கேட்டார். மறந்திட்டான் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அன்றிலிருந்து எனக்கு அந்தப் படத்தில் வேறொன்றும் தெரியவில்லை. ஐம்பதுக்கு மேல் சிவப்பு இருந்தும் என் கண் போய் நின்றது அந்த இரண்டு வெள்ளையில்தான். சீலையில் கறையோடு சபையில் இருக்கிற மாதிரி இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாகச் சொன்னாள். தம்பி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு அவளைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்குப் போனான். நான் காலையில் இருந்து சமைத்தேன். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, அவளுக்குச் சின்ன வயதில் பிடித்த பயற்றம் பணியாரம். வீட்டைக் கூட்டி, மெத்தைகளைத் தட்டி வைத்துவிட்டு, அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்ப்பதற்காக வாசலில் போய் நின்றேன். உள்ளே வருகிறவளுக்கு முதலில் தெரியப்போவது அந்த இரண்டு இதழ்தான்.

சிவப்பு இருந்த சின்னத் தட்டம் மேசையிலேயே கிடந்தது. காய்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அவனுடைய தூரிகையை எடுத்தேன். என் கை நடுங்கவில்லை. கோட்டுக்கு ஒட்ட, ஓரம் விடாமல், இரண்டையும் நிரப்பினேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. ஈரம் தெரிந்துவிடும் என்று தலைமயிர் காய வைக்கும் மெஷினைக் கொண்டுவந்து பிடித்துக் காய வைத்தேன். பிறகு மறுபடி வாசலில் போய் நின்று பார்த்தேன். மனம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை இப்போது நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் வந்தபோது மகள் தகப்பனின் கைக்குள்ளால் தன் கையைக் கோத்திருந்தாள். ஆறு வருடத்தில் நான் காணாத காட்சி. நல்ல வேளை, தீட்டிவைத்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மகள் மேற்கோட்டைக் கழற்றவில்லை. "மாமி, சுகமோ?" என்று என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு நேராகப் படத்துக்குப் போனாள். விரலால் தொடாமல் ஒவ்வொரு பூவாக எண்ணிக்கொண்டு போனாள். நாலாவது பூவில் நின்றாள். மறுபடி முதலில் இருந்து எண்ணினாள். பிறகு திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

"எங்கை அப்பா?"

தம்பி கிட்டப் போனான். படத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ட்ராமிலை எனக்கு என்ன சொன்னனீங்கள்? ரெண்டு நாள் குடிச்சிட்டன், அந்த ரெண்டையும் வெறுமையா விட்டிருக்கிறன், வந்து பார் எண்டு சொன்னனீங்கள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டனான் தெரியுமே? முதல் முதல் நீங்களாச் சொன்னது எண்டு." அவள் குரல் உயரவில்லை. "வெறுமையா ஒண்டும் இல்லையே."

நான்தான் பேசினேன். "பிள்ளை, அது நான். இப்பதான் போட்டனான். நீ வாறாய் எண்டு."

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"அப்ப மிச்சத்திலை எத்தினை நீங்கள் போட்டது மாமி?"

"ரெண்டு மட்டும்தான். சாமி அறிய ரெண்டு மட்டும்தான்." என் கை தானாகவே சாமித்தட்டுப் பக்கம் போனது.

"அம்மாக்கும் இப்பிடித்தானே சத்தியம் பண்ணினனீங்கள்" என்றாள். "நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான்."

அவள் மேற்கோட்டைக் கழற்றிச் சாப்பிட இருந்தாள். கறி நல்லாயிருக்கு என்றாள். வேலையைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசினாள். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்தப் படத்தின் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஐந்து மணி ரயிலுக்கு அவள் தனியாகவே போனாள். போகும்போது தகப்பனிடம், "உங்களிலை எனக்குக் கோவம் இல்லை அப்பா. ஆனால் எதை நம்பிறது எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். பணியாரத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இருபது வருடக் கணக்கை எடுத்து அவன் முகத்தில் எறிந்திருப்பேன். எனக்கும் வாய் இருக்கிறது. அவன் கதிரையை இழுத்துப் படத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தான்.

"அக்கா, ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து நான் முதல் பாக்கிறது அந்த ரெண்டையும்தான். கடைக்கு முன்னாலை கால் நிண்டாலும் அதுகள்தான் ஞாபகம் வரும். நிரப்பினது ஒண்டும் என்னை மறிக்கேல்லை. அந்த ரெண்டும்தான் மறிச்சது."

எனக்குத் தெரியாதடா என்று சொல்ல வாய் எடுத்தேன். தெரியாது என்பதும் பொய். பாக்கட்டும் என்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை அவன் படத்தைச் சுருட்டி வகுப்புக்குக் கொண்டுபோனான். இரண்டு இதழில் இருந்து நிறத்தை எடுக்க ஏலுமா என்று ஆசிரியையிடம் கேட்டான். எந்த இரண்டு என்று அவன் காட்டவில்லை, அவளே விரலை வைத்தாள். மற்ற எல்லா இதழுக்கும் ஓரத்தில் வெள்ளை இருந்தது, இந்த இரண்டும் ஓரம்வரை நிரம்பியிருந்தது. இந்தத் தாள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காது என்றாள். மேலே வெள்ளைத் தாள் ஒட்டலாம், ஆனால் ஒட்டினது தெரியும். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை.

மற்ற இதழ்களை அவன் விடாமல் தீட்டி முடித்தான். பங்குனியில் எண்பத்தொன்றும் நிரம்பியது. அன்று படத்தைக் கழற்றி என்னிடம் தந்தான். "இது இப்ப உங்கடை படம் அக்கா" என்றான். அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தது அவள் தாய்மாமனும் பெண்சாதியும். தம்பி வேட்டி கட்டி, நாலாவது வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். தாரை வார்க்கும்போது மேளம் உரத்தது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமத்திக்கொண்டு இருந்தான். அன்று அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருடமும் மிகச் சின்னப் பகல் வந்து போய்விட்டது. தம்பி புதிதாக ஒரு கொப்புக் கீறித் தன் அறைக்குள் மாட்டியிருக்கிறான். வேலைக்குப் போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறான். கிடங்குக்கு இனி நான் தொலைபேசி எடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன். போன திங்கட்கிழமை அவன் கதவு வழக்கமான நேரத்துக்குத் திறக்கவில்லை. குசினியில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தொலைபேசி மேசையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது, நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே உள்ளே இருந்து யாரோடோ ஜெர்மனில் பேசும் சத்தம் கேட்டது. காய்ச்சல் என்றானா, உண்மையைச் சொன்னானா என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த அறைக்குள் எத்தனை இதழ் வெள்ளையாகக் கிடக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.